எதிரே வந்த செல்வகுமாரி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. அந்த ஈரத்தில் உட்காராதீர்கள், சாக்கை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கதை வரும். புதுச்சேரிப் பக்கத்துச் சுத்துக்கேணியில் ஒருத்தி காலையில் வாசலைத் தாண்டி நடந்தாள். அவ்வளவுதான் செய்தாள். அதற்கு ஊர் அவளை என்ன பாடு படுத்தியது, அவள் ஊரை என்ன பாடு படுத்தினாள் என்று சொல்கிறேன். நடுவில் ஒரு சாவு வரும். பயப்படாதீர்கள், நான் கூடவேதான் இருப்பேன்.

அவள் பெயர் செல்வகுமாரி. புருஷன் பெயர் கண்ணையன். இரண்டு பேரும் ஒரு காலத்தில் கழனியில் கிடந்தவர்கள். நடவு, களை, அறுப்பு என்று வெயிலும் சேறும் தின்ற உடம்புகள். பிறகு சேதராப்பட்டுக் கம்பெனிகளில் ஆள் எடுத்தார்கள். கண்ணையனுக்கு கேட்டில் காவல் வேலை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் தலைக்கு மேல் ஒரு ஃபேனும். செல்வகுமாரிக்கு சோப்பு டப்பா அடுக்குகிற மேஜை. வேனில் உட்கார்ந்து போவாள், மேஜையில் உட்கார்ந்து அடுக்குவாள், வேனில் உட்கார்ந்து திரும்பி வருவாள். வருஷங்கள் அப்படியே ஓடின. அவனுக்கு வயிறு முன்னால் வந்தது, அவளுக்குச் சர்க்கரை வந்தது. தங்கள் உடம்பைப் பற்றி அவர்கள் வைத்திருந்த நினைப்பு மட்டும் இன்னும் கழனியிலேயே நின்றுகொண்டிருந்தது.

மழை விடாத ஒரு ஐப்பசியில் தெருவில் காய்ச்சல் புகுந்தது. வீட்டுக்கு வீடு இருமல். கண்ணையனுக்கும் வந்தது. அவன் சிரித்தான்.

"நம்முது உழைச்ச உடம்புடி. டவுன்காரனாட்டம் தும்மலுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்றியா?"

செல்வகுமாரியும் அதை நம்பினாள். அந்தத் தெருவே நம்பியது. கழனியில் வேலை செய்தவனுக்குக் காய்ச்சல் என்ன செய்யும்? கஷாயம் குடித்தான், போர்த்திக்கொண்டு படுத்தான். காய்ச்சல் முற்றிய ஒரு காலையில் மகளைக் கூப்பிட வாயைத் திறந்தான். "தே..." என்றான். நின்றான். நெஞ்சை இழுத்து மூச்சு வாங்கினான். அப்புறம்தான் "...வி" என்று வந்தது. மகள் பெயர் தேவி. அந்த இரண்டு எழுத்துக்குள் அவனுக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நுரையீரல் முழுக்கச் சளி கட்டிவிட்டது என்றார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், பிறகு குழாய் வைத்தார்கள். கார்த்திகையில் அவனைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் இல்லை.

ஐம்பது வயசுகூட ஆகவில்லை. என்ன செய்வது? கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள், சொல்கிறேன்.

கருமாதி முடிந்த பிறகு செல்வகுமாரி சர்க்கரை மாத்திரை வாங்க ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலில் நாலைந்து படிதான். ஏறி முடிப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அங்கே நர்ஸ் ஹப்சா, வில்லியனூர்ப் பெண், அவளை உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள்.

"இன்னாக்கா, நாலு படிக்கே இப்படி இரைக்குது?"

"துக்கம் சிஸ்டர். உடம்பு ஒண்ணுமில்ல. உழைச்ச உடம்புதான்."

"கடைசியா எப்போ கழனியில எறங்கின?"

செல்வகுமாரி யோசித்தாள். களையெடுக்கும்போது இடுப்பில் வலி எடுத்தது நினைவுக்கு வந்தது. அந்த வலியில் பிறந்தவள்தான் தேவி. தேவி இப்போது காலேஜில் படிக்கிறாள். செல்வகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உழைச்சதெல்லாம் உடம்பு ஞாபகம் வச்சிக்காதுக்கா. வுட்டா கரைஞ்சி பூடும். அடுத்த மழைக்கும் இந்தக் காய்ச்சல் வரும். உனக்கு வராதுன்னு நான் சொல்ல மாட்டன். வந்தா உன் நெஞ்சு தாங்கணும். உக்காந்தே இருக்கறவங்களவிட தினம் நடக்கறவங்களுக்கு நெஞ்சுல எறங்கி மோசமாவறது கம்மி. நட."

"வூட்டு வேலை செய்யறேனே?"

"பாத்திரம் கழுவறத சொல்லல. கைய வீசி நட. பக்கத்துல வர்றவகிட்ட பேச முடியணும். ஆனா பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட்டு வந்தா வேகம் பத்தலைன்னு அர்த்தம்."

வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வைத்தியம் செல்வகுமாரிக்குச் சட்டென்று புரிந்தது. ஒரு காலத்தில் நடவில் பாட்டெடுத்துக் கொடுத்தவள் அவள்தான். பாட்டுக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் கண்ணுகளா, எங்கே நடப்பது, எப்போது நடப்பது? சாயந்தரம் வேன் வந்து இறக்கிவிடும்போதே இருட்டிவிடும். வாய்க்கால் கரையில் பாம்பும் இருக்கும், குடிகாரனும் இருப்பான். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் இரண்டு பேர் எதிரும் புதிருமாகப் போக முடியாது, ஒரு பக்கம் சாக்கடை. மிச்சம் இருப்பது காலை. காலையில்தான் தடை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். புருஷன் போனவள் வருஷத் திதி முடியும்வரை காலை நேரத்தில் தெருவாசலில் நிற்கக் கூடாது. வேலைக்குக் கிளம்புகிறவன் எதிரே அவள் வந்தால் போகிற காரியம் விளங்காதாம். செல்வகுமாரி கம்பெனிக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. வீட்டுக்குச் சோறு வேண்டுமே. முக்காடு போட்டுப் பின்பக்கச் சந்து வழியாகப் போய், தெருமுனையில் வேன் ஏறிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அவளும் போய்க்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்த ஒரு காலை. பனி வாய்க்காலின் மேல் வெள்ளையாக நின்றது. செல்வகுமாரி முன்வாசல் கதவைத் திறந்தாள். முக்காட்டை எடுத்து இடுப்பில் செருகினாள். கண்ணையனின் கான்வாஸ் ஷூவைக் காலில் மாட்டினாள். பெரிதாக இருந்ததால் உள்ளே துணி வைத்துக்கொண்டாள். தெருவில் இறங்கினாள்.

எதிரே பக்கிரி. தெருக்கோடி வீட்டுக்காரன், பைக்கில் கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு தினமும் புதுச்சேரி மார்க்கெட்டுக்குப் போகிறவன். அவளைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்தான். கீரை ஒரு பக்கம் சாய்ந்தது.

"இன்னாம்மா இது? போற நேரத்துல?"

"நானும் போற நேரந்தான் மாமா."

"உள்ள போம்மா. நான் போனப்புறம் வா."

"நீ கொஞ்சம் சீக்கிரம் கெளம்பேன் மாமா. கீரையும் வாடாம இருக்கும்."

பக்கிரி வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, சாமி படத்துக்கு முன்னால் நின்று, மறுபடி கிளம்ப வேண்டும். அது அவன் பரிகாரம். அதற்குள் சேதி பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கே இருப்பவள் கண்ணையனின் அக்கா, அஞ்சலாட்சி. தலையை அள்ளி முடிந்துகொண்டே ஓடி வந்தாள்.

"ஏய் செல்வி! என் தம்பி போயி வருஷம் ஆவல, ஷூ மாட்டினு எங்கடி போற?"

"வாய்க்கா கரைக்கி அண்ணி. நடந்துட்டு வரன்."

"நடக்கறியா? எதுக்கு? பனி நெஞ்சுல எறங்கி நீயும் போய்ச் சேரவா? மூணு தலைமுறையா இந்த வூட்டுப் பொம்பளைங்க வருஷம் பூரா மூலையில குந்தினாங்க. உனக்கு மட்டும் இன்னா?"

"சந்து வழியா கம்பெனிக்குப் போறனே, அப்போ?"

"அது பொழப்பு."

"இதுவும் பொழப்புதான். சம்பாரிக்கப் போனா கெடாத சகுனம், உசுரு பொழைக்க நடந்தா கெட்டுடுமா? உன் தம்பி மூலையில குந்தித்தான் போனாரு அண்ணி. நான் குந்த மாட்டன்."

சொல்லிவிட்டு நடந்தாள். பெரிய வீரம் ஒன்றும் இல்லை கண்ணுகளா. மதகு வருவதற்குள் கண் இருட்டிவிட்டது. மதகுக் கட்டையில் கையை ஊன்றி, நாய் மாதிரி இரைத்துக்கொண்டு நின்றாள். பாட்டும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. பின்னாலிருந்து அஞ்சலாட்சி கத்துவது மட்டும் கேட்டது. அவள் கத்தல் கேட்காத தூரம்வரை நாளைக்குப் போக வேண்டும் என்று வைராக்கியம் வைத்துக்கொண்டாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். தெரு பேசியது. "ஒலிம்பிக்குக்குப் போறா" என்றான் டீக்கடையில் ஒருத்தன். "புருஷன் செத்த துக்கம் காலுல எறங்கிடுச்சி போல" என்றாள் குழாயடியில் ஒருத்தி. பக்கிரி ஒரு நாள் வியாபாரம் படுத்ததென்று அவள் வாசலில் வந்து சத்தம் போட்டான். "மாமா, இன்னிக்கி நல்லா வித்தா சாயந்தரம் வந்து எனக்கு ஒரு கட்டு குடுப்பியா?" என்று கேட்டாள். நன்றாக விற்ற நாட்களைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

சித்திரை வெயிலில் மதகைத் தாண்டினாள். ஆடியில் அணைக்கட்டு தெரியும் இடம்வரை போனாள். பேச்சு வந்தது, பாட்டு மட்டும் வரவில்லை. பாட்டு வந்த அன்றைக்கு அவளே வேகத்தைக் கூட்டினாள். ஆஸ்பத்திரிப் படிகளைச் சுவரைத் தொடாமல் ஏறினாள். ஹப்சா பல் தெரியச் சிரித்தாள்.

தேவிக்குத்தான் பாவம் இரண்டு பக்கமும் இடி. காலேஜ் பஸ்ஸில் அவளைக் கிண்டல் செய்தார்கள். "ம்மா, வருஷம் முடியற வரைக்கும் வூட்டுக்குள்ளயே நடவேன்" என்று ஒரு நாள் கேட்டாள். செல்வகுமாரி அவள் தலையைத் தடவினாள். "உள்ள எட்டு எடுத்து வச்சா செவுருடி. உனக்கு அப்பா இல்ல. அம்மாவாவது இருக்கணுமில்ல?" என்றாள். தேவி அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மறு ஐப்பசி வந்தது. மழை வந்தது. காய்ச்சலும் வந்தது. செல்வகுமாரிக்கே வந்தது.

இந்த இடத்தில் நான் உங்களை ஏமாற்ற மாட்டேன். நடந்தவளுக்கு நோய் வராது என்று கதை கட்டினால் நாளைக்கு நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். நன்றாகவே வந்தது. உடம்பு கொதித்தது, எலும்பெல்லாம் வலித்தது, இருமலில் விலா பிடித்துக்கொண்டது. தெருவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? "பனியில ஆடினா, இப்போ படுத்துட்டா" என்று குழாயடியில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

இந்த முறை கஷாயத்தோடு காத்திருக்கவில்லை. தேவி முதல் நாளே ஹப்சாவிடம் அழைத்துப் போனாள். ஹப்சா விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தாள், டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தாள்.

"காய்ச்சல் விடற வரைக்கும் நடக்கக் கூடாது, தெரிதா? படு. மூச்சு வேகமா இழுத்தாலோ பேச்சு தடுமாறினாலோ அந்த நிமிஷமே வா."

தேவி காலேஜுக்குப் போகவில்லை. அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் கிடந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல் முற்றிய அந்தக் காலையை நினைத்துக்கொண்டே இருந்தாள். அம்மா கண்ணை மூடினால் எழுப்பினாள். "பேசும்மா, எதுனா பேசு" என்றாள். செல்வகுமாரிக்குப் பேசப் பிடிக்கவில்லை. முனகினாள், திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் அஞ்சலாட்சி கஷாயச் சொம்போடு உள்ளே வந்தாள். அவள் கெட்டவள் இல்லை. ஒரே தம்பியைப் பறிகொடுத்தவள். பயம் வந்தால் அவளுக்கு வாயில் திட்டாகத்தான் வரும்.

"பாத்தியா? சொன்னனா இல்லையா? நடந்து நடந்து இழுத்துனு வந்துட்ட. இந்தப் பொண்ண அநாதை ஆக்கிட்டுத்தான் அடங்குவியா?"

செல்வகுமாரி கண்ணைத் திறந்தாள். ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, நடந்ததால வந்துச்சின்னா உன் மருமவனுக்கு எப்படி வந்துச்சி, அவன் கட்டில வுட்டு எறங்கினத நீ எந்த ஜென்மத்துல பாத்த, கீரைக்காரர் பொண்டாட்டிக்கு எப்படி வந்துச்சி, அது வாசல் தாண்டி வருஷமாவுது, ஊருக்கே வந்த காய்ச்சல் எனக்கும் வந்துக்கீது, நான் இன்னா சாமியா வராம இருக்க, வந்தா வரட்டும், அது வந்துதான் பாக்கட்டும், நீ அந்த சொம்ப வச்சிட்டு குந்து, ஆறிடப் போவுது!"

தேவி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியது, அழுகை மறுபடி சிரிப்பானது.

"எதுக்குடி சிரிக்கற?" என்றாள் அஞ்சலாட்சி.

"அத்தை, அம்மா நடுவுல எங்கயும் நிக்கவே இல்ல அத்தை. ஒரே மூச்சு. அப்பாவுக்கு என் பேரே வரல."

அஞ்சலாட்சி சொம்பைக் கீழே வைத்தாள். செல்வகுமாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து, தம்பி செத்த அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதாள்.

காய்ச்சல் விட்டது. இருமல் மட்டும் கொஞ்ச நாள் கிடந்தது. நெஞ்சில் இறங்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. என் கஷாயம்தான் காப்பாற்றியது என்றாள் அஞ்சலாட்சி. நடைதானே சிஸ்டர் என்று கேட்டாள் தேவி. ஹப்சா தலையை ஆட்டினாள். "நடை மட்டுந்தான்னு நான் சொல்ல மாட்டன். தினம் ஓடறவங்களுக்கும் மோசமாவறது உண்டு. சீக்கிரம் வந்தீங்க, அதுவும் நல்லது. ஆனா போன வருஷத்து நெஞ்சோட இந்தக் காய்ச்சல் வந்திருந்தா நான் பயந்திருப்பன். இந்த வருஷம் பயப்படல. அவ்ளோதான் தெரியும்."

உடம்பு தேறி, சிஸ்டர் சரி என்று சொன்ன அன்று சாயந்தரம் அஞ்சலாட்சி ஒரு சமாதானத்தோடு வந்தாள். கூடவே பக்கிரியும் வந்தான்.

"செல்வி, வருஷத் திதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அது வரைக்கும் பொறுத்துக்க. அப்புறம் யாரும் உன்ன கேக்க மாட்டாங்க. எங்க வேணா நட."

"ஆமாம்மா," என்றான் பக்கிரி. "ஊர் மானம் ஊருக்கு இருக்கட்டும், உன் நடை உனக்கு இருக்கட்டும்."

நல்ல வார்த்தைதான். முதல் நாளில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவள் ஒப்புக்கொண்டிருப்பாளோ என்னவோ. தேவிகூட அம்மாவைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள்.

"எனக்கு வருஷம் முடியப் போவுது அண்ணி. மேலத்தெரு ஜெயசித்ராவுக்கு?"

ஜெயசித்ராவின் புருஷன் ஆவணியில் லாரி மோதிப் போனவன். அவளுக்கு முப்பது வயசு. அன்றிலிருந்து ஜன்னலைக்கூடச் சாத்தி வைத்திருந்தார்கள்.

"அது அவங்க வூட்டு விஷயம்," என்றான் பக்கிரி.

"நான் இப்போ குந்தினா, செல்வகுமாரியே கடைசியில குந்திட்டான்னு சொல்லி அவள அடுத்த மழை வரைக்கும் உள்ள வைப்பாங்க. அவளுக்கும் நெஞ்சு இருக்கு மாமா. நான் நாளைக்கி நடக்கறன்."

மறுநாள் காலை ஷூவை மாட்டினாள். நோயில் கிடந்த கால், கொஞ்சம் தள்ளாடியது. வாய்க்கால் கரைக்கு நேராகப் போகவில்லை. மேலத்தெருவுக்குத் திரும்பி, சாத்தியிருந்த ஒரு கதவுக்கு முன்னால் நின்றாள்.

"ஜெயா! அடி ஜெயா! வெளிய வா."

உள்ளே மாமியாரின் குரல் ஏதோ உறுமியது. கதவு திறக்கவில்லை.

"நீ வர்ற வரைக்கும் இங்கயே நிப்பன். எல்லாரும் என் மூஞ்சிலதான் முழிச்சிட்டுப் போவணும். நல்லா யோசிச்சிக்கோ!"

ஒரு வீட்டில் பால் வாங்க வந்தவன் திரும்பிப் போனான். இன்னொரு வீட்டில் ஸ்கூட்டர் கிளம்பி, நின்று, அணைந்தது. தெருவே உள்ளுக்குள் மாட்டிக்கொண்டது. கதவின் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. ஜெயசித்ரா வந்து நின்றாள், வெளிறிப்போய், வெளிச்சத்துக்குக் கண் கூசி.

"செருப்பு மாட்டிக்க. முக்காட எடு. கைய வீசு."

இரண்டு பேரும் நடந்தார்கள். வாய்க்கால் கரை ஏறும் இடத்தில் பக்கிரி கீரையோடு எதிரே வந்தான். ஒரு கைம்பெண்ணுக்கு ஒரு சொம்பு தண்ணீர் பரிகாரம். இரண்டு பேருக்கு என்ன பரிகாரம் என்று அவனுக்குத் தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டினான். அவர்கள் ஓரம் போகவில்லை. கரையின் நடுவிலேயே, கையை வீசிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார்கள். ஜெயசித்ரா இரைக்க இரைக்க ஏதோ கேட்டாள், செல்வகுமாரி இரைக்க இரைக்க அதற்குப் பதில் சொன்னாள். பின்னால் அஞ்சலாட்சி, "ஏய், மெதுவா போங்கடி, நானும் வரன்!" என்று கத்திக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகினாள். அவர்கள் மெதுவாகப் போகவில்லை.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசல் எந்தக் காலையிலும் எந்தப் பெண்ணுக்கும் சாத்தாமல் இருக்கட்டும். மழை கழனிக்கு வரட்டும், உங்கள் நெஞ்சில் இறங்காமல் போகட்டும். உங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால் விருந்தாளி மாதிரி இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்பட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பேர் சொல்லி, முழுப் பேரையும் சொல்லி, நூறு வருஷம் கூப்பிட்டுக்கொண்டிருக்கட்டும்.